கேள்வி–பதில்: பிள்ளைகளின் பொருட்டு ஊரை விட்டவர்கள்

சென்ற இதழில், மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இப்பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். 2021 ஜூன் மாத இறுதியில் ரஷ்யாவின் ‘வ்குஸ்வில்’ என்னும் மளிகைக் கடை நிறுவனம், தன் வாடிக்கையாளர் குடும்பங்களைக் காட்டும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு தாயும் அவருடைய மகள்களும், மகள்களில் ஒருவரின் பெண் இணையரும் ஒரே குடும்பமாக இடம்பெற்றிருந்தனர். எதிர்ப்புக் கிளம்பிய சில நாட்களில் நிறுவனம் அந்தப் படத்தை நீக்கி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. கொலை மிரட்டல்களுக்கு ஆளான அந்தக் குடும்பம் ஸ்பெயினுக்குச் சென்றுவிட்டது. அந்த நான்கு வரிகளுக்கு வந்திருக்கும் கடிதங்கள் ஒரு கட்டாக மேசைமேல் கிடக்கின்றன. அவற்றில் கோபமானவையும் உண்டு. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

ரஷ்யாவில் தன்பாலுறவு குற்றமே அல்ல என்று படித்திருக்கிறேன். குற்றம் அல்லாத ஒன்றுக்காக ஒரு குடும்பம் ஏன் நாட்டை விட்டு ஓட வேண்டும்?
க.இரா., கோவில்பட்டி

நீங்கள் படித்தது சரிதான். ஸ்டாலின் காலத்தில், 1934-இல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி ஐந்தாண்டு வரை சிறை விதித்த சட்டப்பிரிவு 1993-இல் நீக்கப்பட்டது. அது இன்றுவரை திரும்பி வரவில்லை. வந்தவை வேறு வகையான சட்டங்கள். 2006-இல் ரியாசான் மாகாணத்திலும் 2012-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலும் முளைத்த ஒரு விதி, 2013 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஆதரவாக 436 வாக்குகளும் எதிராக ஒன்றுகூட இல்லாமலும் நிறைவேறி, நாடு முழுமைக்குமான சட்டமானது. ‘பாரம்பரியமற்ற பாலுறவுகளை’ப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரிடையே பரப்புரை செய்யக் கூடாது என்பது அதன் சாரம். தனிநபருக்கு அபராதம் 4,000 முதல் 5,000 ரூபிள் வரைதான். தொகையைப் பார்த்தால் போக்குவரத்து விதிமீறலுக்குக் கட்டுவதைப் போலத் தோன்றும்.

ஆனால், ‘பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரிடையே’ என்ற சொற்களை ஒரு தாயாகவோ தந்தையாகவோ இருந்து மறுபடி படித்துப் பாருங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கும் வீட்டில், காலையில் இருவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்துவதும் சிறுவர் முன்னிலையில்தான் நடக்கிறது. தனியாக வாழும் ஒருவர் இந்தச் சட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கலாம். பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அப்படி ஒதுங்க இடமில்லை, ஏனெனில் சட்டம் சொல்லும் அந்தச் சிறுவர் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வளர்கிறார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2020-இல் திருத்தப்பட்ட அரசமைப்பு, திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைவதே என்று எழுதிக்கொண்டது. 2022 டிசம்பரில் பரப்புரைத் தடை எல்லா வயதினருக்கும் விரிந்து, தனிநபர் அபராதம் 4,00,000 ரூபிள் வரை உயர்ந்தது. 2023 ஜூலையில் பாலின மாற்றத்துக்கான மருத்துவமும் ஆவணத் திருத்தமும் தடை செய்யப்பட்டன. கணவன் மனைவியரில் ஒருவர் முன்னரே பாலினம் மாறியிருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்றும், திருநர் பிள்ளைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்லிற்று. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், மூடிய அறையில், எதிர்த் தரப்பு என்று எவருமே இல்லாத ஒரு விசாரணையில், ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ என்ற ஒன்றைத் தீவிரவாத அமைப்பாக அறிவித்தது. அப்படி ஓர் அமைப்புப் பதிவேடு எதிலும் கிடையாது. உறுப்பினர் பட்டியலோ தலைவரோ முகவரியோ இல்லை. இல்லாத அமைப்பில் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகக் கருதப்படலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் வசதி. 2024 ஜனவரியில் நீஷ்னி நோவ்கரத் நகரில் வானவில் நிறத் தோடு அணிந்திருந்த பெண்ணுக்கு ஐந்து நாள் காவல் கிடைத்தது. முதன்முறை என்றால் இப்படி. மறுமுறை பிடிபட்டால் நான்காண்டு வரை சிறை.

2013-இல் பெற்றோர் உரிமையைப் பறிக்கும் மசோதா ஒன்று வந்தது உண்மை. ஆனால் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்களே! நடக்காத ஒன்றுக்குப் பயந்து பறந்தவர்களை நாம் ஏன் அகதி என்று சொல்ல வேண்டும்?
எஸ்.வி., திருச்சி

மசோதா வந்தது செப்டம்பரில். பெற்றோரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதையே பிள்ளையைப் பிரிப்பதற்குப் போதுமான காரணமாக்க அது முனைந்தது. நீங்கள் சொல்வதுபோல் அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. பத்திரிகையாளர் மாஷா கெஸ்ஸன் அந்த ஆண்டு டிசம்பரில் தன் குடும்பத்துடன் மாஸ்கோவை விட்டு நியூயார்க் சென்றார்.

அவசரப்பட்டாரா? கெஸ்ஸனின் பிள்ளைகள் மூவரில் மூத்தவர், கலீனின்கிராடில் ஓர் அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். பரப்புரைச் சட்டத்துக்காக முன்னணியில் நின்ற செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசியல்வாதி விதாலி மிலோனவ், ரஷ்ய அநாதைப் பிள்ளைகள் எத்தகைய குடும்பங்களில் சிக்கிவிடக் கூடாது என்பதற்கு உதாரணமாக, பத்திரிகைப் பேட்டியில் கெஸ்ஸனின் குடும்பத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். தத்தெடுப்பை ரத்து செய்ய முடியுமா என்று கெஸ்ஸன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டபோது, முன்பின் தெரியாதவர்கள் அணுகினால் ஓடிவிடும்படி பையனுக்குச் சொல்லிவையுங்கள் என்று அறிவுறுத்திவிட்டு, உங்கள் கேள்விக்கு விடை விமான நிலையத்தில் இருக்கிறது என்று அவர் முடித்தாராம். சட்டம் படித்தவர் சட்டத்தைப் பற்றிச் சொன்ன பதில் இது என்பதால் இதற்கு எடை அதிகம்.

மசோதா திரும்பப் போனாலும் வழி திறந்தே இருந்தது என்பதற்கு இன்னொரு குடும்பத்தின் கதை சான்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் மாஸ்கோவில், வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு சிறுவன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, தான் இரண்டு அப்பாக்களுடன் வாழ்வதைச் சொன்னான். தகவல் காவல்துறைக்குப் போயிற்று. ரஷ்யச் சட்டப்படி மணமாகாத இருவர் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, தனியொருவர் எடுக்கலாம். ஆகவே அந்தச் சிறுவனையும் அவன் சகோதரனையும் இருவரில் ஒருவர் மட்டுமே, விதிமுறைப்படி, அதிகாரிகளின் ஒப்புதலோடு தத்தெடுத்திருந்தார். அதில் பிழை காண வழியில்லை. எனவே புலனாய்வுக் குழு, தத்துக்கு ஒப்புதல் தந்த சமூகநலப் பணியாளர்கள் கடமை தவறியதாக வழக்குப் பதிந்தது. தந்தையர்மீது அல்ல, ஒப்பமிட்ட எழுத்தர்கள்மீது வழக்கு! இனி எந்த அலுவலகத்தில் எந்த எழுத்தர் இப்படிப்பட்ட குடும்பத்தின் காகிதத்தில் கையெழுத்திடுவார்? பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகும் நாள் தொலைவில் இல்லை என்று கண்ட இருவரும் பையன்களை அழைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவுக்குச் சென்றனர்.

மருத்துவரிடம் உண்மை பேசிய பையன் அவன். நம் வீட்டுப் பிள்ளை அப்படிப் பேசினால் தட்டிக்கொடுப்போம்.

ஊரோடு ஒத்து வாழ் என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தால் எந்த அரசு வந்து கேட்கப்போகிறது? முப்பது ஆண்டு பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் கேட்கிறேன்.
தலைமையாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

ஐயா, இதே வாதத்தை அரசாங்கங்களே நீதிமன்றத்தில் வைத்திருக்கின்றன. ஈரானிலிருந்தும் கேமரூனிலிருந்தும் வந்த இரு ஆண்கள் பிரிட்டனில் புகலிடம் கேட்டபோது, ஊருக்குத் திரும்பிப் போய் அடக்கமாக இருந்துகொண்டால் ஆபத்தில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 2010 ஜூலை 7 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. ஒருவர் மறைந்து வாழ்வதற்குக் காரணமே துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம்தான் என்றால், மறைந்து வாழச் சொல்வது பாதுகாப்பு ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் தருக்கம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2013 நவம்பரில் அதே நிலையை எடுத்தது.

ஆனால் அவை தனி மனிதர்களின் வழக்குகள். நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் உங்களிடம் வேறொன்றைச் சொல்கிறேன். பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளை எப்படி மூடும்? ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன எழுத வேண்டும்? படம் வரையச் சொன்னால் எத்தனை பேரை வரைய வேண்டும்? இரண்டாவது அம்மாவை அத்தை என்றோ பெரியம்மா என்றோ வாடகைக்கு இருப்பவர் என்றோ சொல்லச் சொல்லிப் பழக்குகிற வீடுகள் உண்டு. பிள்ளையும் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய பிள்ளை, பள்ளியில் எவரேனும் அடித்தாலும் மிரட்டினாலும் அதையும் அதே திறமையோடு மறைக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஊரோடு ஒத்துப்போவதன் விலையைப் பெரியவர்கள் தம் கையிலிருந்து கொடுக்கும்வரை அது அவர்கள் பாடு. பிள்ளையின் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும்போதுதான் பலர் பெட்டி கட்டுகிறார்கள்.

எந்தெந்த நாடுகளுக்குப் போகிறார்கள்? விமானச் செலவுக்குப் பணம் உள்ளவர்கள் மட்டும்தானே போக முடியும்?
நூர்ஜஹான், காயல்பட்டினம்

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் ஆம். கடவுச்சீட்டும் சேமிப்பும் வெளிநாட்டில் செல்லக்கூடிய தொழிலும் உள்ளவர்களுக்கே இந்த வழி திறக்கிறது. சிற்றூர்த் தாதியோ பள்ளிச் சமையற்காரரோ அங்கேயேதான் இருக்கிறார். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நேரடி விமானங்கள் நின்றன. மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் விலகியதால் ரஷ்ய வங்கி அட்டைகள் வெளிநாட்டில் வெறும் பிளாஸ்டிக் துண்டுகளாயின.

போகும் இடங்களில் ஸ்பெயின், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா எல்லாரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது அர்ஜென்டினா. ரஷ்யக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அங்கே விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். தன்பாலினத் திருமணம் 2010 முதல் சட்டபூர்வமானது. வெளிநாட்டவரும் மணம் செய்துகொள்ளலாம். ஜார்ஜியாவும் விசா இல்லாமல் ஓராண்டு தங்க விட்டது, மொழிச் சிக்கலும் குறைவு என்பதால் பலருக்கு முதல் படியாக இருந்தது. ஆனால் 2024 செப்டம்பரில் ஜார்ஜிய நாடாளுமன்றம், ரஷ்யச் சட்டத்தின் சாயல் நன்றாகவே தெரியும் ஒரு ‘குடும்ப விழுமியங்கள்’ சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வாடகை வீட்டுக்குத் திரைச்சீலையும் வாங்கி மாட்டியவர்கள் மறுபடி பெட்டியை இறக்க வேண்டியதாயிற்று.

வறுமைக்காகப் போகிறவர்கள்கூட இந்தப் பொய்யைச் சொல்லி அகதி உரிமை வாங்கிவிடலாமே? இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், ஈரோடு

கூச்சப்பட வேண்டியது நீங்கள் அல்ல, சில காலம் அதிகாரிகள் சோதித்த விதம்தான் கூச்சப்பட வைப்பது. அந்தரங்கக் காணொளி கொண்டுவந்தால் நம்புகிறோம் என்னும் அளவுக்கு நிலைமை போனதால், 2014 டிசம்பர் 2 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அத்தகைய சான்றுகளைப் பெறுவதையும், படுக்கையறை விவரங்களைத் துருவுவதையும் தடை செய்தது. அதன்பிறகும் ஹங்கேரியில், நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவரிடம் உளவியல் சோதனை என்ற பெயரில் மைக்கறைப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள்; மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொன்னார்கள். அதைக் கொண்டு அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று முடிவுகட்டினார்கள். 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. மழைப்படத்தில் குடை இருந்திருந்தால் புகலிடம் கிடைத்திருக்குமோ என்னவோ!

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் பாலீர்ப்பு என்ற சொல்லே கிடையாது. இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து ஆகியவற்றோடு ‘குறிப்பிட்டதொரு சமூகக் குழு’ என்று ஒரு காரணம் அதில் உண்டு. அந்தக் கதவு வழியாகத்தான் இவர்கள் உள்ளே வருகிறார்கள். நெதர்லாந்து அதை 1981-லேயே ஏற்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993-இல் அந்தச் சொற்றொடரை விளக்கியபோது பாலீர்ப்பையும் அதில் அடக்கிற்று. ஆனால் பாகுபாடு நிலவுகிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அது துன்புறுத்தல் என்ற அளவை எட்டியதாகக் காட்ட வேண்டும். தேதிகள், மிரட்டல் கடிதங்கள், வேலை நீக்க உத்தரவு, ஒவ்வொரு நேர்காணலிலும் மாறாத விவரம் என்று மாதக்கணக்கில் நீளும் வேலை அது. பொய் சொல்லி வருபவர் எவருமே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால், மொழி தெரியாத ஊரில், அந்நியரான அதிகாரிக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளராக வந்திருக்கும் தன் நாட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளெல்லாம் மறைத்ததைச் சொல்வது, பொய்யருக்கும் எளிதான வேடமல்ல.

ஐரோப்பாவுக்குள் போய்விட்டால் பிறகு கவலை இல்லை அல்லவா?
ம.செ., புதுச்சேரி

அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு படிவத்தின் கதையைச் சொல்கிறேன். பல்கேரியக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணும், ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணும் மணந்துகொண்டு ஸ்பெயினில் வாழ்ந்தனர். 2019 டிசம்பரில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்பெயினின் பிறப்புச் சான்றிதழில் இருவரும் தாயர். பெற்றோரில் எவரும் ஸ்பானியர் அல்லர் என்பதால் ஸ்பானியக் குடியுரிமை இல்லை; வம்சாவளிக் குடியுரிமை விதியின்படி பிரிட்டிஷ் தாயிடமிருந்தும் வராது. எஞ்சியது பல்கேரியா. அந்த நாட்டு நகராட்சியின் பிறப்புப் பதிவுப் படிவத்தில் தாய்க்கு ஒரு கட்டம், தந்தைக்கு ஒரு கட்டம். இருவரில் பெற்றவர் யார் என்று எழுதுங்கள் என்றார்கள். தாயர் சொல்ல மறுத்தனர். பதிவு மறுக்கப்பட்டது.

2021 டிசம்பர் 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒன்றியத்துக்குள் தன் பெற்றோர் இருவருடனும் பயணம் செய்யும் குழந்தையின் உரிமையை ஏற்று, உறுப்பு நாடுகள் அந்த உறவை அந்த அளவுக்காவது மதிக்க வேண்டும் என்றது. 2023-இல் பல்கேரியாவின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அந்தக் குழந்தை பல்கேரியக் குடிமகளே அல்ல என்று சொல்லிக் கையை விரித்தது.

இத்தாலியின் பாதுவா நகரிலும் 2023-இல், இரு தாயரின் பெயர் பதிந்திருந்த 33 பிறப்புச் சான்றிதழ்களை அரசு வழக்கறிஞர் எதிர்த்து வழக்காடினார். பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் அவற்றில் அடக்கம். இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 மே மாதத்தில்தான், வெளிநாட்டில் செயற்கைக் கருத்தரிப்புச் செய்துகொண்ட இணையரில் பெறாத தாயையும் தாயாகப் பதிய வேண்டும் என்று தீர்த்து வைத்தது.

பெர்லினில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருக்கிறேன். எதிர்வீட்டில் இரண்டு ரஷ்யப் பெண்களும் ஒரு பையனும். மகள் எனக்கு விவரம் சொன்னாள். பையன் எங்கள் வீட்டு முறுக்குக்கு அடிமையாகிவிட்டான். நான் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? தெரியாமல் மனம் நோகச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
விசாலாட்சி, மதுரை (தற்சமயம் பெர்லின்)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவை தெரிந்தால் இது எளிதாகும் என்பதே.

இருவரில் யார் உண்மையான அம்மா என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்கு அது சாதாரண விசாரிப்பு. அவர்களை ஒவ்வோர் அலுவலகத்திலும் நிறுத்திவைத்த கேள்வி அது. ரஷ்யப் பிறப்புச் சான்றிதழில் ஒரு தாயின் பெயர்தான் இருக்க முடியும். பெற்றவருக்கு ஏதேனும் நேர்ந்தால் மற்றவர் அங்கே சட்டத்தின் கண்ணில் பிள்ளைக்கு யாரோ. ஜெர்மனியில் 2017 அக்டோபர் முதல் இருவரும் மணந்துகொள்ளலாம் என்றாலும், பெற்றவரின் மனைவி தானாகவே தாயாகிவிடுவதில்லை. மணமான பிறகு, தான் வளர்த்த பிள்ளையைத் தானே தத்தெடுக்க மனுச் செய்து, அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்துப் போவதற்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் எதிர்வீட்டில் அந்த மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது புகைப்படம். பையனோடு நீங்கள் எடுத்துக்கொள்ளும் படத்தை அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போட வேண்டாம். ரஷ்யாவில் இத்தகைய வாழ்வே தீவிரவாதம் என்று பெயர் பெற்றுவிட்டபின், அங்குள்ள பாட்டியைப் பார்க்க என்றேனும் ஒருமுறை போய்வர முடியுமா என்பதே அவர்களுக்குக் கேள்விக்குறி. ஒரு படம் அந்த வாய்ப்பையும் கெடுக்கலாம். பாட்டியைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். சில வீடுகளில் பாட்டி நாள்தோறும் தொலைபேசியில் வருகிறார். சில வீடுகளில் பேச்சே நின்றுபோயிருக்கும்.

எப்படி அழைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பையன் ஒருவரை அம்மா என்றும் மற்றவரைச் செல்லப் பெயர் சொல்லியும் கூப்பிடக்கூடும், இருவரையும் அம்மா என்றும் கூப்பிடக்கூடும். அவன் வாயிலிருந்து வருவதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். உங்களை அவன் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். முறுக்கில் ஓமம் சேர்ப்பதாக இருந்தால் மட்டும், பழகாத நாக்குக்குக் காரும், கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.